புல்லைப் பார்க்காத கண்

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாக மன்னவனூர் போகும் சாலையோரம் பைனும் தைல மரமும் வாட்டிலும் நெருங்கி நிற்கின்றன. புதிதாக வருபவர் இதைக் காடு என்றே நினைப்பார். அரை நூற்றாண்டுக்கு முன்பு பழனி மலையின் மேற்பரப்பில் மிகுதியாக இருந்தது திறந்த புல்வெளி என்றால் நம்பமாட்டார்.

இந்த மரங்களை நட்டவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். தோல் பதனிட வாட்டில் பட்டை வேண்டியிருந்தது. அடுப்புக்கு விறகும் ஆலைக்கு மரக்கூழும் வேண்டியிருந்தன. எந்த மரம் வேகமாக வளரும் என்று கேட்டார்கள்; சரியான விடையையும் கண்டார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில் எதிர்பார்த்தபடியே வளர்ந்தது. இவ்வளவு மழை பெய்யும் சரிவில் ஏன் மரமே இல்லை என்பதுதான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அதற்கு மலையே விடை வைத்திருந்தது. உறைபனி விழும் இரவுகளில், திறந்த வெளியில் முளைத்த சோலைக் கன்றுகள், அதாவது இம்மலையின் இயற்கைக் காட்டு மரக் கன்றுகள், கருகிப்போகும். அதனால் சோலை நீரோடும் மடிப்புகளில் ஒதுங்கிக்கொண்டது. சரிவுகள் புல்லுக்கு ஆயின. வரையாடு மேய்வதும் குறிஞ்சி பூப்பதும் அந்தப் புல்லில்தான்.

பின்னாளில் வருத்தம் வந்தது. சோலைகளை அழித்துவிட்டோம் என்ற பேச்சு எழுந்தது. அயல் மரங்களை அகற்றி, சோலை மரங்களை மீட்க வேண்டும் என்று நீதிமன்ற உத்தரவுகளும் வந்தன. நல்ல எண்ணம்தான். ஆனால் 2018இல் ‘பிளோஸ் ஒன்’ இதழில் வெளியான ஓர் ஆய்வு, பழனி மலையின் நாற்பது ஆண்டுச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுப் பார்த்தது. களத்திலும் நடந்து சரிபார்த்தது. அந்த நாற்பது ஆண்டுகளில் இயற்கைக் காட்டில் 31 சதவீதம் போயிருந்தது. புல்வெளியிலோ 66 சதவீதம். பெரிதும் இழந்தது புல்லை. திருப்பித் தரப் புறப்பட்டதோ மரத்தை.

இந்த இடத்தில்தான் என் மனம் நின்றுவிடுகிறது. நட்டவர்களுக்குப் பணம் வேண்டியிருந்தது, மீட்க வந்தவர்களுக்கு இயற்கை வேண்டியிருந்தது. நோக்கங்கள் நேரெதிர். ஆயினும் மரம் இருந்தால்தான் நிலம் நிறைவு என்ற எண்ணம் இரு பக்கமும் மாறாமல் இருந்தது. தவறு செய்த கண்ணே தவறைத் திருத்தவும் வந்தது. முடிவெடுக்க நம்மிடம் கருவிகள் ஏராளம்: சாதக பாதகப் பட்டியல், செலவுக் கணக்கு, வல்லுநர் குழு. எல்லாமே நாம் போட்ட கேள்விக்குள் நேர்மையாக உழைப்பவை. கேள்வியைப் போட்ட பார்வையைச் சோதிக்க அவற்றுக்குத் தெரியாது. அதற்கு உதவியது மிக எளிய வேலை: ஒரே இடத்தின் பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்து, மறைந்தது எது என்று பார்ப்பது.

அப்படிப் பார்த்த பிறகு, மலை முழுவதற்கும் ஒரே தீர்வு என்ற ஆசையும் விலக வேண்டும். பழைய வாட்டில் தோப்புகள் சிலவற்றின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாகவே எழுந்து வருகின்றன. அங்கே கோடரி வைத்தால் அவையும் சாகும். வெயில் பட்டதும், மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும் வாட்டில் விதைகள் கூட்டமாக முளைக்கும். அங்கே பொறுத்திருப்பதே வேலை. எஞ்சியிருக்கும் புல்வெளியின் ஓரத்தில் பொறுத்திருந்தால் புல்லே மிஞ்சாது. அங்கு முழங்கால் உயரத்தில் நிற்கும் வாட்டில் கன்றை இன்று ஒருவர் கையால் பிடுங்கிவிடலாம். சில ஆண்டுகள் கழிந்தால் ரம்பம் வேண்டும். அதற்குள் அது தன் விதைகளை மண்ணில் போட்டு முடித்திருக்கும்.