இருபது நாள் தங்கிய இளைஞர்கள்



முழு ஆண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. பல ஊர்களில் மதரஸாக்களும் ஜமாஅத்துகளும் பிள்ளைகள் பத்து நாள், பதினைந்து நாள் தங்கிப் பயிலும் கோடைக்கால முகாம்களை அறிவித்திருக்கின்றன. பெயர் கொடுக்க வரும் பெற்றோரில் சிலர், "ஹஜ்ரத், எத்தனை சூரா மனப்பாடம் ஆகும்?" என்று கேட்கிறார்கள். வேறு சிலர், "இவன் சேட்டை தாங்க முடியல, பத்து நாளாவது வீடு நிம்மதியா இருக்கும்" என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார்கள்.

வீட்டைவிட்டு வந்து தங்கிய இளைஞர் கூட்டம் ஒன்று நபி (ஸல்) அவர்களிடமும் இருந்தது. ஹள்ரத் மாலிக் இப்னு ஹுவைரிஸ் (ரலி) அவர்களும் தோழர்களும் ஏறக்குறைய ஒரே வயதினர். மதீனாவில் 20 நாட்கள் தங்கினார்கள். பிற்காலத்தில் இதை அறிவித்த மாலிக் (ரலி) அவர்கள், நபியவர்களின் இரக்கத்தையும் மென்மையையும் மறக்காமல் குறிப்பிடுகிறார்கள். இந்த இளைஞர்களுக்கு வீட்டு ஏக்கம் வந்துவிட்டது என்பதை நபியவர்கள் உணர்ந்துகொண்டார்கள். ஊரில் யார் யாரை விட்டு வந்தீர்கள் என்று விசாரித்தார்கள். பிறகு, குடும்பத்தாரிடம் திரும்பிச் சென்று அவர்களுக்கும் கற்றுக்கொடுக்கும்படியும், தம்மைப் பார்த்தபடியே தொழும்படியும், ஒருவர் பாங்கு சொல்லி மூத்தவர் தொழவைக்கும்படியும் பொறுப்புக் கொடுத்து அனுப்பினார்கள். (புகாரி)

முகாம் நடத்தும் உஸ்தாதுமார்கள் இதைக் கவனிக்க வேண்டும். முதல் இரவில் ஒரு பிள்ளை உம்மாவை நினைத்து அழுதால், "ஆம்பளைப் பிள்ளை அழலாமா?" என்று மற்றவர்கள் முன் கேலி செய்வது நபிவழி அல்ல. பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்பதுதான் நபிவழி.

அந்த 20 நாட்களில் அவர்கள் பார்த்துப் பழகினார்கள். அது எவ்வளவு ஆழமாகப் பதிந்தது தெரியுமா? பல ஆண்டுகளுக்குப் பின் பஸராவின் பள்ளிவாசல் ஒன்றுக்கு மாலிக் (ரலி) அவர்கள் வந்து, நபியவர்கள் தொழுததை உங்களுக்குக் காட்டுவதற்காகவே தொழுகிறேன் என்று சொல்லித் தொழுது காட்டினார்கள்.

கைவேலையையும் நபியவர்கள் இப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள். வழியில் ஒரு சிறுவர் ஆட்டைத் தோலுரித்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சரியாக வரவில்லை. நபியவர்கள் அவரைத் திட்டவில்லை, கடந்து போய்விடவும் இல்லை. சற்று விலகச் சொல்லி, தோலுக்கும் சதைக்கும் இடையே அக்குள்வரை கையை நுழைத்துக் காட்டிக்கொடுத்தார்கள். அதன்பின் சென்று மக்களுக்குத் தொழவைத்தார்கள். (அபூதாவூத்) உரிப்பது எப்படி என்பதும் ஒரு உம்மத்தின் தலைவர் நின்று கற்றுக்கொடுக்கும் பாடமாக இருந்தது.

ஆகவே முகாமில் பிள்ளை சோறு வடிக்கவும், துணி துவைக்கவும், தண்ணீரை வீணாக்காமல் ஒளுச் செய்யவும், கையிலுள்ள நூறு ரூபாய்க்குக் கணக்கு எழுதவும், சண்டை போட்டவனிடம் போய் ஸலாம் சொல்லவும் கற்றால், "இதுக்கா அனுப்பினோம்?" என்று கேட்காதீர்கள். பெரியவனான பிறகும் தன் வாப்பாவின் மய்யித்தைக் குளிப்பாட்டத் தெரியாமல் ஓரமாக நிற்கும் மகன்களை நாம் பார்க்கிறோமே, அதுவல்லவா கைசேதம்! அனுப்பும் முன் இடத்தை நேரில் போய்ப் பாருங்கள். இரவில் பிள்ளைகளோடு யார் தங்குகிறார்கள், பக்கத்தில் கிணறு குளம் உண்டா, அவசரத்துக்கு யாரிடம் பேசலாம் என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். அந்தப் பிள்ளை உங்களிடம் தரப்பட்ட அமானிதம்.

எனக்குப் பெரிய கவலை, முகாம் முடிந்த மறுநாள்தான். பையன் சாப்பிட்ட தட்டைக் கழுவ எடுத்துப் போகிறான். உம்மா பிடுங்கிக்கொள்கிறார்: "நீ வை, தங்கச்சி கழுவுவா." பத்து நாள் பாடம் அந்த ஒரு வார்த்தையில் போய்விடுகிறது. நபியவர்கள் வீட்டில் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்களே! பையன் சுப்ஹுக்கு எழுந்து வாப்பாவைப் பார்க்கிறான். வாப்பா போர்வைக்குள். அவன் யாருக்குக் கற்றுக்கொடுப்பான்?

மாலிக் (ரலி) அவர்களைப் போலத் திரும்பி வரும் நம் பிள்ளைகளுக்கு, வீட்டுக் கதவைத் திறந்துவிடும் பெற்றோராக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.