எந்த நேரத்துக் காற்று?

2023 டிசம்பர் 26, நள்ளிரவு நெருங்கும் நேரம். எண்ணூரில் கடலுக்கடியில் போகும் அம்மோனியா குழாய் கசிந்தது. பெரியகுப்பத்து மக்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதிகாலை 3.30க்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலை வாசலருகே அளந்தபோது கனமீட்டருக்கு 2090 மைக்ரோகிராம். அனுமதி 400. ஐந்து மடங்கு என்று செய்தி வந்தது.

என்னை உறுத்துவது அந்த ஐந்து மடங்கு அல்ல. 400 என்பது 24 மணி நேரச் சராசரிக்கான வரம்பு. 2090 அந்த ஒரு நேரத்து அளவு. கணக்குப் போட்டால் அது காற்றில் பத்து லட்சத்துக்கு மூன்று பங்கு. அமெரிக்கர்கள் விபத்து நேரத்துக்கென்று வகுத்த அளவுகோலோ, லேசான எரிச்சலுக்கே 30 பங்கு என்கிறது. அப்படின்னா அந்த ஜனங்க எதுக்கு ஓடினாங்க? கருவி வந்து சேர்வதற்குள் அவர்கள் சுவாசித்த காற்று போய்விட்டது.

அளக்கப்படாத ஒன்றை நடக்காத ஒன்றாக எடுத்துக்கொள்ளலாமா?

சராசரியை நான் குறை சொல்லவில்லை. நாள்பட்ட நோயைக் கணிக்க அது வேண்டும். ஆனால் கந்தக டை ஆக்சைடை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் 24 மணி நேர வரம்பு 80. ஒரு மணி நேரம் 1000, மீதி 23 மணி நேரமும் 30 என்று இருந்தால் சராசரி 70தான் வரும். ஆலை பாஸ். ஆஸ்துமாக்காரருக்கோ சில நிமிடங்களிலேயே மூச்சுக்குழல் சுருங்கிவிடும். உலக சுகாதார நிறுவனம் பத்து நிமிடத்துக்கென்றே தனியாக 500 என்று ஒரு வரம்பு வைத்திருப்பது அதனால்தான். நம் தேசியத் தர அளவுகளில் இந்த வாயுவுக்கு ஒரு மணி நேர வரம்புகூடக் கிடையாது. எத்தனை மணி நேரத்துக்குச் சராசரி எடுப்பது என்பது கணக்குப் பிரச்சினை போலத் தெரியும். உண்மையில் யாருடைய மூச்சைக் கணக்கில் சேர்ப்பது என்று அங்கேதான் முடிவாகிறது.

இன்னொரு சங்கடம், குறுகிய நேரப் பாதிப்பு தடயம் வைக்காது. டாக்டரிடம் போய்ச் சேர்வதற்குள் கண் சிவப்பு வடிந்திருக்கும். மிஞ்சுவது பாதிக்கப்பட்டவரின் வாய்ச்சொல். 'நாத்தம் அடிச்சுதுங்க' என்பதை எந்த அலுவலகம் பதிவேட்டில் ஏற்றும்?

கடலூர் சிப்காட் பகுதி மக்கள் 2004 வாக்கில் இதற்கு ஒரு வழி செய்தார்கள். என்ன வாடை, எந்தத் தேதி, எத்தனை மணி என்று குறித்து வைத்தார்கள். வாடை தாங்காத நேரத்தில் பக்கெட்டுக்குள் பொருத்திய பையில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். மோசமான நேரமாகப் பார்த்து மாதிரி எடுத்தால் அது நியாயமா என்று ஒருவர் கேட்கலாம். வருடாந்திரச் சராசரி வேண்டுமென்றால் அந்த முறை தப்புதான். அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது, குழந்தை இருமிய அந்தப் பத்து நிமிடம் காற்றில் என்ன இருந்தது என்பது.