அனுப்பியவர்கள் கேட்காத பதில்

1910 ஜூன் மாதம் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு கூடியது. ஏறத்தாழ 1,200 பிரதிநிதிகள் வந்திருந்தார்கள். அதற்கு முன்பே எட்டு ஆய்வுக் குழுக்கள் பணித்தளங்களுக்குக் கேள்வித்தாள்கள் அனுப்பி, வந்த பதில்களைத் தொகுத்துத் தடித்த அறிக்கைகளாக்கி வைத்திருந்தன. மிஷனரிகளுக்கு எப்படிப் பயிற்சி தருவது என்பதற்கே தனியாக ஒரு குழு. பிற சமயங்களை எப்படி அணுகுவது என்பதற்கு இன்னொன்று. இன்று புரட்டினாலும் அந்த உழைப்பு தெரிகிறது. ஒன்று மட்டும் அவற்றில் இல்லை. சுவிசேஷம் போய்ச் சேர வேண்டிய நிலங்களின் கணக்கில் ஐரோப்பா இல்லை. அங்கே வேலை முடிந்துவிட்டது என்று வைத்திருந்தார்கள். நான்கே ஆண்டுகளில், வேலை முடிந்த அந்த நாடுகள் பதுங்குகுழிகளில் ஒன்றையொன்று கொன்றுகொண்டிருந்தன.

அந்த மாநாட்டில் ஆசியத் திருச்சபைகளிலிருந்து வந்தவர்கள் இருபது பேருக்கும் குறைவு. அவர்களில் ஒருவர் வெள்ளாளன்விளைக்காரரான வேதநாயகம் சாமுவேல் அசரியா. அப்போது அவருக்கு 35 வயது. அந்நிய மிஷனரிகளுக்கும் உள்நாட்டு ஊழியர்களுக்கும் இடையிலான உறவைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அவர் மிஷனரிகளின் தியாகத்தைக் குறைக்கவில்லை. ஏழைகளுக்குக் கொடுத்தீர்கள், உடலையே கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களையும் கொடுங்கள் என்று கேட்டார். அரங்கில் பலருக்கு அது உறைத்தது, சிலருக்குக் கசந்தது. எட்டுக் குழுக்களின் கேள்வித்தாள்களைவிட இன்று அதிகம் நினைவுகூரப்படுவது யாரும் எதிர்பார்க்காத அந்தப் பேச்சுதான்.

மிஷன் பற்றிய ஆய்வுக்கும் போதனைக்கும் இந்த விசித்திரம் ஆதியிலிருந்தே உண்டு. காசு கொடுத்து அனுப்புகிறவர் ஒரு கேள்வியோடு அனுப்புகிறார். போனவர் நேர்மையானவர் என்றால், வேறொரு கேள்விக்கான பதிலோடு திரும்பி எழுதுகிறார். அந்தப் பதிலை என்ன செய்வது என்று அனுப்பியவருக்குத் தெரிவதில்லை.

தரங்கம்பாடியில் 1706-ல் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவை எடுத்துக்கொள்வோம். அவரும் உடனூழியர் க்ரூண்ட்லரும் தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பிப் பதில்கள் வாங்கினார்கள். அப்படி வந்த கடிதங்களில் 99 ஜெர்மன் மொழியில் ஹாலே நகரில் அச்சாயின. கேள்வித்தாளைக் கண்டுபிடித்த பெருமை எடின்பரோவுக்கு இல்லை என்பது இதனால் தெரியும். பதில் எழுதியவர்களும் கூச்சப்படவில்லை. தங்கள் வழிபாட்டுக்கு நியாயம் சொன்னார்கள்; கடற்கரையில் கண்ட கிறிஸ்தவர்களின் குடியையும் நடத்தையையும் சுட்டிக்காட்டினார்கள். பரப்ப வந்த சமயத்துக்கு அந்த மண்ணிலிருந்து கிடைத்த முதல் மதிப்புரைகளில் இவையும் சேரும்.

அதோடு சீகன்பால்கு நிற்கவில்லை. தென்னிந்தியக் கடவுளரின் மரபுவரிசையைக் கேட்டும் படித்தும் தொகுத்து, 1713-ல் ஒரு நூலாக முடித்து ஹாலேக்கு அனுப்பினார். அங்கிருந்து அந்த மிஷனைத் தாங்கிய ஃப்ராங்கே அதை அச்சிடவில்லை. புறச்சமயத்தை வேரறுக்கப் போன ஆள், அதை ஐரோப்பாவுக்கு இறக்குமதி செய்கிறாரே என்பது அவருடைய மனத்தாங்கல். புரியாமல் மறுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. பக்கத்து வீட்டுக்காரனின் சாமியை இவ்வளவு பொறுமையாகக் கேட்டு எழுதுகிறவன், எழுதி முடிக்கும்போது புறப்பட்டு வந்த அதே ஆளாக இருக்கமாட்டான் என்பதை ஃப்ராங்கே உணர்ந்திருக்கலாம். கையெழுத்துப் பிரதி ஆவணக்காப்பகத்தில் கிடந்தது. 154 ஆண்டுகள் கழித்து, 1867-ல், ஜெர்மான் என்பவர் அதைப் பதிப்பித்தார். அச்சானது சென்னையில்.

அதே 1867-ல் எடின்பரோவில், கல்கத்தாவிலிருந்து திரும்பிய அலெக்சாண்டர் டஃப் சுவிசேஷ இறையியலுக்கான பேராசிரியரானார். உலகில் அப்படியொரு இருக்கை அதுவே முதலாவது. இரண்டு செய்திகளும் ஒரே ஆண்டில் வந்தது தற்செயல்தான். என்றாலும், ஒன்றரை நூற்றாண்டு பூட்டிக் கிடந்த பாடப்புத்தகம் வெளிவந்த ஆண்டில் பாடமும் தொடங்கியது என்று நினைத்துக்கொள்ள ஆசையாக இருக்கிறது. டஃபின் இருக்கை அவருக்குப் பின் மங்கிப்போனது. கொஞ்ச காலம் கழித்து ஹாலேயில் குஸ்தாவ் வார்னெக் இந்தத் துறையை ஊன்றி நிலைக்கவைத்தார்.

இருபதாம் நூற்றாண்டில் இந்தப் பாடத்துக்குக் கூட்டம் சேர்த்தவர் டொனால்ட் மெக்கவ்ரன். மிஷனரிக் குடும்பத்தில், 1897-ல், மத்திய இந்தியாவின் தமோவில் பிறந்தவர். பள்ளியும் மருத்துவமனையும் நடத்தியும் சபை ஏன் வளரவில்லை என்று நேர்மையாகக் கேட்டார். பதில், ஆட்கள் தனித்தனியாக வருவதில்லை, சாதியாக, உறவாக வருகிறார்கள்; சாதி, மொழி, வர்க்க எல்லையைத் தாண்டாமலே வர விரும்புகிறார்கள் என்பது. கண்டதைச் சொன்னவரை அதற்காகக் குறைசொல்ல முடியாது. ஆனால் 1965-ல் அவர் கலிபோர்னியாவின் பசடேனாவில் உலக மிஷன் பள்ளியைத் தொடங்கியபின், கண்டது கொள்கையானது, கொள்கை உத்தியானது. ஒரே மாதிரி ஆட்கள் ஒரே மாதிரி ஆட்களோடு உட்காரும் சபைதான் வேகமாக வளரும் என்று அமெரிக்கப் புறநகர்கள் ஆராய்ச்சிபூர்வமாகக் கற்றுக்கொண்டன. கல்லறைத் தோட்டத்தின் நடுவிலும் சாதிச் சுவர் எழுப்பிய நம் ஊர்க் கிறிஸ்தவர்களுக்கு இதைக் கற்க பசடேனா போக வேண்டிய தேவை இருக்கவில்லை. அந்தச் சுவரை இறையியலின் கேள்வியாக்க 1980-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அர்விந்த் நிர்மல் பெங்களூரில் பேசி, பின்பு சென்னை குருகுலம் இறையியல் கல்லூரியில் வளர்த்த தலித் இறையியல் அதைச் செய்தது. இந்தியக் கிறிஸ்தவர்களில் பெரும்பான்மையினர் தலித்துகள் என்பது அதற்கு முன்பும் யாருக்கும் ரகசியமல்ல.

திசை மாறிய கதை இன்னொன்று. 1957-ல் ஆண்ட்ரூ வால்ஸ் சியரா லியோனின் ஃபூரா பே கல்லூரிக்கு ஆதித் திருச்சபை வரலாறு கற்பிக்கப் போனார். தான் பாடமெடுக்கும் இரண்டாம் நூற்றாண்டு, வகுப்பறைக்கு வெளியே நடந்துகொண்டிருப்பது அவருக்கு மெல்லப் புரிந்தது. திரும்பி வந்து அபர்தீனில் மேற்கல்லாத உலகின் கிறிஸ்தவத்துக்கென்று ஓர் ஆய்வு மையம் அமைத்தார். 1910-ல் உலகக் கிறிஸ்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஐரோப்பாவில் இருந்தார்கள். நூறாண்டு கழித்து அது ஏறக்குறைய கால் பங்கு. எடின்பரோவின் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்தால்தான் இன்று வழி தெரியும்.

லெஸ்லி நியூபிகின் அந்த வழியில் நடந்தே பார்த்தவர். காஞ்சிபுரத்தில் ராமகிருஷ்ண மடத்துத் துறவிகளோடு தரையில் உட்கார்ந்து உபநிடதமும் யோவான் சுவிசேஷமும் மாறிமாறிப் படித்தவர். 1947-ல் மதுரை-இராமநாதபுரம் பேராயர் ஆனவர். 1974-ல் இங்கிலாந்து திரும்பி, பர்மிங்காமின் செலி ஓக் கல்லூரிகளில் மிஷனரிகளுக்குப் பாடம் நடத்தினார். பிறகு அதே நகரில், சிறைச்சாலைக்குப் பக்கத்தில் ஒரு சின்னஞ்சிறு சபைக்குப் போதகரானார். தமிழ்நாட்டில் கண்ட எதிர்ப்பைவிட இங்கே காணும் அலட்சியம் கடினம் என்று அவர் சொன்னதை அங்கே எல்லோரும் மரியாதையோடு கேட்டார்கள். மிஷனரிகளைப் பயிற்றுவித்த அந்தக் கல்லூரிக் கூட்டமைப்பு நூற்றாண்டின் இறுதியோடு கலைந்தது. பசடேனா பள்ளியும் 2003-ல் பெயரிலிருந்து ‘மிஷனை’ எடுத்துவிட்டது. பெயர் மாற்றினால் பழைய கணக்கு தீருமா என்பது வேறு விஷயம்.

இங்கே நமக்கு வேறு கணக்கு இருக்கிறது. அசரியா 1903-லேயே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கித் தெலுங்கு நாட்டின் தோர்னக்கலுக்கு ஆள் அனுப்பியவர். நாம் அனுப்பப்படுகிற இடம் மட்டுமல்ல, அனுப்புகிறவர்களும்கூட. தென்மாவட்டங்களின் காணிக்கையில் வட இந்தியாவில் ஊழியம் செய்கிற எத்தனையோ குடும்பங்கள் உண்டு. ஃப்ராங்கேயின் நாற்காலியில் இன்று நம் சபைக் கமிட்டிகள் உட்கார்ந்திருக்கின்றன. கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: எத்தனை ஆத்துமாக்கள்?

இதற்கிடையே நாட்டின் சட்டமும் மாறியிருக்கிறது. பரப்பும் உரிமை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1977-ல் சொன்னது. தமிழ்நாடு 2002-ல் கட்டாய மதமாற்றத் தடைச்சட்டம் கொண்டுவந்து, 2004-ல் கைவிட்டது. உத்தரப் பிரதேசத்தின் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் 2024-ல் ஆயுள் தண்டனைவரை கடுமையாக்கப்பட்டது. யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம் என்றும் ஆனது. இப்படியொரு மாநிலத்தில் மனமாற்றத்தை ஆய்வுசெய்யும் மாணவருடைய பேட்டிக் குறிப்பு, தேர்வாளருக்கு ஆய்வேடு. காவல் நிலையத்துக்குச் சாட்சியம். பொறுப்புள்ள ஆசிரியர் ஊர்ப் பெயரை மாற்று, ஆளின் பெயரை மாற்று, ஆண்டை மங்கலாக்கு என்றுதான் சொல்லிக்கொடுப்பார். சபையைவிட்டு ஏன் விலகினார்கள், ஏன் வரவேயில்லை என்பதையும் கேட்டு எழுதச் சொல்வார். ஊழியத்தைத் தாங்குகிறவர்களுக்குப் போகும் சில ஜெபக் கடிதங்களிலோ, ஞானஸ்நானம் பெற்றவர்களின் எண்ணிக்கையும் வண்ணப் படமும் இன்னும் அச்சாகின்றன. மிஷன் பாடத்தின் முதல் வகுப்பில், அந்த ஆய்வேட்டையும் இந்தக் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாணவர்களை வாசிக்கச் சொல்லலாம். காணிக்கை அனுப்புகிற கமிட்டியையும் அந்த வகுப்புக்குக் கூப்பிடலாம்.