பின்னால் வருகிறவன்

ஒரு பொருளைக் கட்டுகிறவன் அதை யாருக்காகக் கட்டுகிறான் என்பது மேலுக்குப் பார்த்தால் ஒரு கேள்வியே அல்ல. பொருளுக்கு உரியவனுக்காக, அல்லது கூலிக்காக. மணலியில் வெகுகாலமாகக் குடியிருக்கும் எனக்கு இந்தப் பதில் போதுமானதாகத்தான் இருந்தது. 2023 டிசம்பரில் என் மோட்டார் சைக்கிளை ஒரு சின்ன லோடு வண்டியில் ஏற்றிக் கட்டி ராயபுரத்துக்குக் கொண்டுபோக நேர்ந்தபோது அது போதாமல் போயிற்று. அனுபவம் என்று பார்த்தால் அற்பமானது. யாரும் சாகவில்லை. யாருக்கும் காயமில்லை. காயமில்லை என்பதில்தான் பிரச்னையே இருக்கிறது.

மிக்ஜாம் புயலின் மழையில் மணலிக்குள் வெள்ளம் வந்தது. அந்தத் தண்ணீரில் எண்ணெய் கலந்திருந்தது. வடிந்த பிறகு சுவர்களில் ஒரே மட்டத்தில் கறுப்புக் கோடு நின்றது. என் பழைய புல்லட் டாங்க் வரை மூழ்கிக் கிடந்தது. தண்ணீர் புகுந்த எஞ்சினை உதைத்து ஸ்டார்ட் செய்யக் கூடாது. சிலிண்டருக்குள் நிற்கும் தண்ணீரைப் பிஸ்டனால் அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துபோகும். ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். (இந்த வண்டி பிறந்தது பக்கத்தில், திருவொற்றியூரில். மெட்ராஸ் மோட்டார்ஸ் 1955இல் இங்கிலாந்துக் கம்பெனியோடு சேர்ந்து புல்லட் செய்ய ஆரம்பித்தது. அங்கே தாய்க் கம்பெனி மூடிய பிறகும் இங்கே உற்பத்தி நிற்கவில்லை. 1977இல் இங்கிலாந்துக்கே ஏற்றுமதி போயிற்று. பிறந்த தொழிற்சாலைக்குப் பக்கத்துத் தெருக்களில் அது பொட்டலமாகப் போக வேண்டி வந்ததில் எனக்கு ஒரு சின்ன அவமானம் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதுவும் இந்த விஷயத்தில் சம்பந்தப்பட்டது.)

அந்த வாரம் லோடு வண்டிகளுக்கு வரிசை நின்றது. வண்டிகளை ஏற்றிக் கட்டுவதற்கென்றே ஒரு பெரியவர் இருந்தார். முன் சக்கரத்தைக் கேபினின் பின்சுவரில் முட்டக் கொடுத்து, ஸ்டாண்டை எடுத்துவிட்டு, முதல் கியரில் போட்டார். கயிற்றைக் கைப்பிடியில் கட்டவில்லை. அதற்குக் கீழே, ஃபோர்க்கின் இரண்டு குழாய்களையும் சேர்த்துப் பிடிக்கும் இரும்பில் சுற்றி, இரு பக்கமும் முன்னோக்கிச் சரிவாக இழுத்துப் பலகைக் கொக்கிகளில் மாட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

“மேல ஏறி உக்காருங்க சார். முன்னாடி நல்லா அமுங்கணும்.”

“வேணாம் பெரியவரே. பழைய வண்டி, ஆயில் சீல் போயிடும்.”

“அமுக்காம கட்டனா பள்ளத்துல அதுவா அமுங்கும் சார். அப்ப கயிறு தொங்கிடும்.”

“பரவாயில்ல, அப்படியே கட்டுங்க.”

“உங்க வண்டி, உங்க இஷ்டம்.”

அவர் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். இரண்டு பேரும் சொன்னது சரிதான் என்பது கவனிக்கத்தக்கது. ஸ்பிரிங்கை முழுக்க அமுக்கிக் கட்டினால் சீல் கெடும். அமுக்காமல் கட்டினால், நின்ற இடத்தில் விறைப்பாக இருக்கும் கயிறு, சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஸ்பிரிங் சுருங்கும் நொடியில் தளர்ந்துவிடும். ஆகவே பாதி அமுக்க வேண்டும். ஸ்பிரிங் மேலே எழப் பார்க்கும், கயிறு கீழே இழுக்கும். இந்த ஓயாத சண்டைதான் கட்டு. அசையாத பொருளைக் கட்டுவது சுலபம். தனக்குள் ஒரு அசைவை வைத்திருக்கும் பொருளைக் கட்டுகிறவன் அந்த அசைவையும் சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கிறது.

சாத்தாங்காட்டுக்கு அருகில் ஒரு பள்ளம். பெரியவர் சொன்னது அப்படியே நடந்தது. இடப்பக்கக் கயிறு தொங்கிக் கொக்கியிலிருந்து கழன்றது. புல்லட் வலப்பக்கம் சாய்ந்து பலகைக்கு வெளியே ஒரு முழம் கைப்பிடியை நீட்டிற்று. எங்களை ஒட்டிப் பின்னால் ஒரு ஸ்கூட்டர் வந்துகொண்டிருந்தது. ஓட்டியவருக்குப் பின்னால் பள்ளிச் சீருடையில் ஒரு பெண். அவர்களுக்கு அந்தப் பக்கம் ஒரு கன்டெய்னர் ட்ரெய்லர். நான் இதைக் கேபினின் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித் திரும்பிப் பார்த்தேன். அவர் பிரேக் போட்டார், வண்டி கோணிற்று, காலை ஊன்றினார், நிமிர்ந்தார். ட்ரெய்லரின் சக்கரங்கள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. அவர் என்னை ஒருமுறை பார்த்தார். திட்டவில்லை. போய்விட்டார்.

இவ்வளவுதான் நடந்தது. நான் என்ன செய்துவிட்டேன்?

1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் ஒரே கருத்தரங்கில், ஒரே தலைப்பில் எழுதிய இரண்டு கட்டுரைகள் இந்த இடத்தில் ஞாபகத்துக்கு வருகின்றன. தார்மீகத்தில் அதிர்ஷ்டத்துக்கு இடமுண்டா என்பது தலைப்பு. இருவருக்குமே உதாரணமாக ஒரு லாரி ஓட்டுநர் வருகிறார். அவர்மேல் தப்பில்லை, ஆனால் ஒரு குழந்தை லாரிக்கு அடியில் வந்துவிடுகிறது. வேடிக்கை பார்த்தவர்களுக்கு இல்லாத ஒரு துக்கம் அவருக்கு உண்டு, இருக்கவும் வேண்டும் என்கிறார் வில்லியம்ஸ். நேகல் இன்னும் ஒரு படி போகிறார். ஓட்டுநர் பிரேக்கைச் சோதிக்காமல் விட்ட சின்ன அஜாக்கிரதைக்காரராக இருந்தால், குழந்தை குறுக்கே வந்ததா வரவில்லையா என்பதை வைத்து அதே அஜாக்கிரதை மகாபாதகமாகவோ ஒன்றுமில்லாததாகவோ ஆகிறது. இது எப்படி நியாயம் என்று கேட்கிறார். கான்ட்டுக்கு இந்தச் சிக்கல் இல்லை. நல்ல சித்தம் எதையும் சாதிக்காமல் போனாலும் ரத்தினம் போலத் தன் ஒளியிலேயே பிரகாசிக்கும் என்று 1785இலேயே எழுதிவிட்டுப் போய்விட்டார்.

நமக்கு இந்தப் பிரச்னை ஐரோப்பாவிலிருந்து வர வேண்டியதில்லை. சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் திருவாரூர்த் தெருவில் ஒரு தேரை ஓட்டினார். கன்று துள்ளிக் குறுக்கே விழுகிறது. இளவரசன் பார்க்கவில்லை, வேண்டுமென்று செய்யவில்லை. மந்திரிகள் பிராயச்சித்தம் சொல்கிறார்கள். மனுநீதிச் சோழன் கேட்கவில்லை. சித்தம் எப்படி இருந்தது என்பது அவனுக்குப் பொருட்டே அல்ல. கன்று செத்துக் கிடக்கிறது, பசு மணியை இழுத்துவிட்டது, அவ்வளவுதான். கான்ட்டுக்கு நேர் எதிர்முனை இது. இரண்டு முனைகளுமே எனக்கு உதவவில்லை. என் சித்தத்தில் ரத்தினம் எதுவும் இல்லை. இருந்தது ஆயில் சீல். மனுநீதிச் சோழனின் வாசலுக்குப் போகலாமென்றால் மணியடிக்கப் பசு இல்லை. பெண் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

வில்லியம்ஸின் ஓட்டுநரிடம் விளைவு இருக்கிறது, குற்றமில்லை. என்னிடம் குற்றம் இருக்கிறது, விளைவில்லை. இவர்கள் எல்லோருமே ஓட்டுகிறவனைப் பார்க்கிறார்கள் என்பதுதான் எனக்கு இடறுகிறது. ஓடும் வண்டியில் கடைசி நொடியில் உட்கார்ந்திருப்பவன் அவன்; அதிர்ஷ்டம் அவனை முகத்துக்கு நேராகச் சந்திக்கிறது. கட்டுகிறவன் நின்றுகொண்டிருக்கும் வண்டியில், பகல் வெளிச்சத்தில், அவசரமில்லாமல் வேலை செய்கிறவன். அவனுக்கு அதிர்ஷ்டம் என்பது இன்னும் வராத ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தை அவன் முன்கூட்டியே கயிற்றுக்குள் வைக்கலாம், வைக்காமலும் விடலாம். சரக்கைப் பிணைப்பதற்கு ஐரோப்பாவில் ஒரு அளவு வைத்திருக்கிறார்கள்: சாலையில் போகும் சரக்கின் கட்டு, முன்பக்கமாக அதன் எடையில் 0.8 பங்கையும் பக்கவாட்டில் 0.5 பங்கையும் தாங்க வேண்டும். 170 கிலோ வண்டியென்றால் பிரேக் அடிக்கும்போது 136 கிலோ விசை முன்னோக்கித் தள்ளும் என்று வைத்துக்கொண்டு கட்ட வேண்டும். பிரேக் அடிக்கப்படுமா என்று அந்த எண் கேட்பதில்லை. அடிக்கப்பட்டுவிட்டது என்றே எடுத்துக்கொள்கிறது. நான் தத்துவவாதிகளிடம் தேடியது இந்த உலர்ந்த எண்ணில் ஓரளவு இருக்கிறது என்று சொன்னால் நண்பர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். நேகலின் கேள்விக்கு அது ஒரு பாதிப் பதில். குழந்தை குறுக்கே வந்த பிறகு கணக்குப் பார்ப்பதை விட்டு, வந்துவிட்டது என்று கணக்கை அங்கிருந்து ஆரம்பிப்பது.

அப்படியானால் எல்லையே இல்லையா என்று கேட்கலாம். 0.8 என்பது 8 அல்லவே. எல்லாப் பள்ளங்களையும் கயிற்றுக்குள் வைக்கப் பார்க்கிறவன் வண்டியைக் கட்ட மாட்டான், நசுக்குவான். இது நியாயமான ஆட்சேபம். ஆனால் நான் தளர்த்தச் சொன்னது அந்த எல்லையை யோசித்து அல்ல. நானும் பெரியவரும் பேசியபோது அங்கே இரண்டு பேர்தான் இருந்தோம்: வண்டிக்காரன், கட்டுகிறவர். “உங்க வண்டி, உங்க இஷ்டம்” என்ற வாக்கியத்தில் மூன்றாமவனுக்கு இடமில்லை. சீல் என்னுடையது, வண்டி என்னுடையது, சாய்ந்தால் நஷ்டம் என்னுடையது என்று நான் பெருந்தன்மையாகவே நினைத்துக்கொண்டேன். 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் நபருக்கான இன்ஷ்யூரன்ஸைக் கட்டாயமாக்கியிருக்கிறது. சட்டத்துக்கு அவனைத் தெரியும். ஆனால் அடிபட்ட பிறகுதான் தெரியும். எனக்கு எதிரே நின்றபோதும் தெரியவில்லை, ஏனென்றால் அவன் நிற்கவில்லை, பின்னால் எங்கேயோ வந்துகொண்டிருந்தான்.

மணலியில் இருப்பவனுக்கு இது தெரியாமல் போனதற்குச் சாக்கு கிடையாது. இங்கே நாங்கள் எல்லோருமே பெரும்பாலும் பின்னால் வருகிறவர்கள்தான். எண்ணூரிலிருந்தும் துறைமுகத்திலிருந்தும் வரும் ட்ரெய்லர்களுக்கு இடையில் புகுந்துதான் வேலைக்கும் பள்ளிக்கும் போகிறோம். கன்டெய்னர் பெட்டியின் நான்கு மூலையிலும் ட்ரெய்லரில் ஒரு இரும்புப் பூட்டு உண்டு. கால் திருப்பு திருப்பினால் பெட்டி பிடிபடும். அதைத் திருப்பாமலே ஓட்டுகிறவர்கள் உண்டு. சோம்பல் மட்டும் காரணமல்ல என்று ஒரு ஓட்டுநர் டீக்கடையில் எனக்கு விளக்கியிருக்கிறார். வளைவில் பெட்டி சாய்ந்தால் பூட்டாத பெட்டி தான் மட்டும் விழும், வண்டியை இழுத்துக்கொண்டு போகாது, ஓட்டுகிறவன் பிழைப்பான் என்பது கணக்கு. கேட்டபோது எனக்கு உடம்பு கூசிற்று. எந்தப் பக்கம் விழும் என்று கேட்டேன். அவர் டீயைக் குடித்துவிட்டு, “அத யார் பார்த்தா சார்” என்றார். அவருடைய பெட்டிக்கும் என்னுடைய சீலுக்கும் எடையில்தான் வித்தியாசம் என்று இப்போது தோன்றுகிறது. ஒருவேளை அவர் பக்கம் நியாயம் கூடுதல். அவர் காப்பாற்றப் பார்த்தது தன் உயிரை.

அன்று சாத்தாங்காட்டில் எங்கள் வண்டியை ஓட்டிய பையன் ஓரம்கட்டி இறங்கினான். யார் கட்டியது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் பெரியவரைச் சொல்லியிருக்க மாட்டேன் என்று நம்புகிறேன், நிச்சயமில்லை. “ஏறி உக்காரு சார்” என்றான். சாலையில் போகிறவர்கள் பார்க்க, லோடு வண்டிக்கு மேல், ஓடாத மோட்டார் சைக்கிளின் மீது கால் பரப்பி உட்கார்ந்து என் எடையை முன்னால் சாய்த்தேன். ஃபோர்க் முனகிக்கொண்டு இறங்கிற்று. அவன் இரண்டு பக்கமும் இழுத்து முடிச்சுப் போட்டான். தண்டையார்ப்பேட்டை வந்ததும் நானாகவே நிறுத்தச் சொல்லி இறங்கிப் போய்க் கயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். கொஞ்சம் தளர்ந்திருந்தது. புதுக் கயிறு அப்படித்தான் சார், என்று சொல்லிக்கொண்டே மறுபடி இறுக்கினான்.

ராயபுரத்தில் மெக்கானிக் கயிற்றை அவிழ்த்ததும் ஃபோர்க்கை விரலால் தடவிப் பார்த்தார். வலப்பக்கக் குழாயில் எண்ணெய் கசிந்திருந்தது. சீல் மாற்ற வேண்டும் என்றார். இரண்டு பக்கமும் மாற்றச் சொன்னேன்.