பழுதும் பொறுப்பும்

வெடித்துப்போன பாகத்தையே குற்றவாளி என்று நினைப்பது நம் இயல்பு. மனிதர்களைப் பற்றிய நம் தீர்ப்புகளில் பெரும்பகுதியும் இந்த இயல்பின் நீட்சிதானோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

அமெச்சூர் ரேடியோக்காரர்களின் ஒரு பழைய கருவியை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தின் பென்டன் ஹார்பரில் இருந்த ஹீத் கம்பெனி, 1960களிலும் 70களிலும் எஸ்.பி.200 என்ற ஆம்ப்ளிஃபயரை விற்றது. முழுக் கருவியாக அல்ல. உதிரிப் பாகங்களாக, ஒரு கையேட்டுடன். வாங்கியவரே உட்கார்ந்து சால்டர் வைத்துச் சேர்க்க வேண்டும். கையேட்டில் ஒவ்வொரு படிக்கு முன்னாலும் ஒரு காலி அடைப்புக்குறி. வேலை முடிந்ததும் அதில் ஒரு டிக். ஆக, ஒவ்வொரு கருவியும் யாரோ ஒரு தனிமனிதரின் கைவேலை.

அதில் இரண்டு 572பி வால்வுகள். அவற்றுக்கு 2400 வோல்ட் அளவில் மின்சாரம் வேண்டும். அந்த அழுத்தத்தை ஆறு கண்டென்சர்கள் வரிசையாக நின்று பங்கிட்டுக்கொள்கின்றன, ஆளுக்கு 400 வோல்ட். ஒவ்வொன்றும் தாங்கக்கூடியது 450. பங்கு சமமாக விழுவதற்காக ஒவ்வொன்றின் குறுக்கிலும் ஒரு ரெஸிஸ்டர்.

இன்று இதை வாங்கிப் புதுப்பிக்கும் ஒருவர் கண்டென்சர்கள் ஆறையும் மாற்றுகிறார். ரெஸிஸ்டர்கள் பார்வைக்கு நன்றாக இருப்பதால் விட்டுவிடுகிறார். சில மாதங்களில் புதிய கண்டென்சர் ஒன்று வெடிக்கிறது. இந்தக் காலத்துச் சரக்கே இப்படித்தான் என்கிறார்.

நடந்தது வேறு. ரெஸிஸ்டர் ஒன்று உள்ளுக்குள் அறுந்துபோயிருந்தது. அல்லது அதன் கால் பழைய டிரை சால்டரில் விட்டிருந்தது. துணை இழந்த கண்டென்சரின் மேல் பக்கத்துக் கண்டென்சர்களின் பங்கும் ஏறிற்று. ரெஸிஸ்டர் சத்தமில்லாமல் செத்தது, சுமந்தது வெடித்தது. சத்தம் போட்டதை நாம் தண்டிக்கிறோம்.

சரி, அந்த டிரை சால்டருக்கு யார் பொறுப்பு? ஐம்பது வருஷங்களுக்கு முன் டிக் போட்டவர் பொய் சொல்லவில்லை. செய்தார், டிக் போட்டார். வங்கியில் டிக் போட்டுச் சம்பளம் வாங்குகிறவன் என்ற முறையில் எனக்கு இது தெரியும். டிக் என்பது செய்தேன் என்பதற்குத்தான் சாட்சி. சரியாகச் செய்தேன் என்பதற்கு அல்ல. அந்த இணைப்பு பல வருஷங்கள் வேலையும் செய்திருக்கிறது. அவரைக் குற்றவாளி என்பது நியாயமில்லை.

அப்படியானால் புதுப்பித்தவர்? நான் வைத்த சால்டர் இல்லையே என்று அவர் சொல்லலாம். உண்மைதான். செய்யாத பிழையைத் தலையில் ஏற்றிக்கொள்வது தியாக வேஷமாகவும் ஆகிவிடக்கூடும். ஆனால் இங்கே குற்றமும் பொறுப்பும் இரண்டு வெவ்வேறு விஷயங்கள். குற்றம் யார் செய்தது என்று கேட்கிறது. பொறுப்பு, இப்போது யார் கையில் இருக்கிறது என்று மட்டும் கேட்கிறது. மூடியைத் திறந்து கருவியைத் தனதாக்கிக்கொண்டவருக்கு முதல் கேள்வியிலிருந்து விடுதலை உண்டு, இரண்டாவதிலிருந்து இல்லை.

இது வெறும் சித்தாந்தம் அல்ல. கருவியை அணைத்த பிறகு கண்டென்சர்களைக் காலிசெய்வதும் அதே ரெஸிஸ்டர்கள்தான். துணையிழந்த கண்டென்சர் தன் மின்சாரத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கும். அணைத்தாயிற்று என்ற நம்பிக்கையில் நீளும் விரலிடம், பிழை யாருடையது என்று அது விசாரிப்பதில்லை. ஆகவே அனுபவம் உள்ளவர்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்து பார்க்காமல் கை வைப்பதில்லை.

விமர்சனத்திலும் நாம் வெடித்தவர்களைப் பற்றியே அதிகம் எழுதுகிறோம். ஒரு மரபைப் புதுப்பித்ததாகச் சொல்லிக்கொண்டே, அதில் கோளாறு தெரிந்ததும் முன்னோர் தலையில் போடுகிறோம். மரபு நம் கைக்கு வந்துவிட்டது என்பதை மறந்துவிடுகிறோம்.

சில பழைய கருவிகளோடு அந்தக் கையேடும் வந்து சேர்கிறது, பென்சில் டிக்குகளோடு. புதுப்பிப்பவர் முதல் படியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு இணைப்பையும் தானே சோதித்து, பழைய டிக்கின் பக்கத்தில் இன்னொன்று போடலாம். அவ்வளவுதான் செய்யக்கூடியது. அதுவும் செய்தேன் என்பதற்குத்தான் சாட்சி.