மறுப்பும் மாண்பும்: புறநானூற்றுப் பரிசில் பாடல்கள் எழுப்பும் அறவினா

முன்னுரை

சங்கப் புலவர் பலரின் வாழ்வு புரவலரின் கொடையைச் சார்ந்திருந்தது. எனினும் புறநானூற்றில் கொடை பெற்ற மகிழ்ச்சியைக் கூறும் பாடல்களோடு, கொடை மறுக்கப்பட்ட அல்லது காலம் நீட்டிக்கப்பட்ட நிலையைக் கூறும் பாடல்களும் இடம்பெற்றுள்ளன. மறுக்கப்பட்டவர் அம்மறுப்பைத் தம் தகுதியின் மீதான தீர்ப்பாகக் கொள்ளல் வேண்டுமா என்பது இப்பாடல்கள் எழுப்பும் அறவினாவாகும். அவ்வினாவுக்குப் புலவர்கள் தந்த விடைகளையும் அவ்விடைகளின் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது. பாடல்களின் சூழலைக் கூறும் அடிக்குறிப்புகள் பிற்காலத்தவை எனினும், அவை இங்கு மரபின் சான்றாகக் கொள்ளப்படுகின்றன.

மறுப்பின் விலை

புலவரின் பெருமிதத்தை மட்டும் எடுத்துக்காட்டுவது இப்பாடல்களை எளிமைப்படுத்துவதாகும். வெறுங்கலத்தைத் திறந்து பார்த்து அழும் புதல்வனையும், புலியைக் கூறி அச்சுறுத்தியும் நிலவைக் காட்டியும் அவனை ஆற்ற முயலும் தாயையும் பெருஞ்சித்திரனார் காட்டுகிறார் (புறம். 160). சமைத்தலை மறந்த அடுப்பில் காளான் பூத்திருப்பதைப் பெருந்தலைச் சாத்தனார் குறிப்பிடுகிறார் (புறம். 164). ஆகவே, பரிசிலின்றித் திரும்புதல் என்பது மனத்துயரம் மட்டுமன்று, இல்லத்தார் பசித்திருத்தலுமாகும். இந்நிலையிலும் புலவர்கள் தம் மதிப்பை இழக்க இசையவில்லை என்பதே கருதத்தக்கது.

விடைகள் மூன்று

முதல் விடை, தன் நெஞ்சோடு பேசுதல். இளவெளிமான் சிறிதளவே கொடுத்தபோது பெருஞ்சித்திரனார் அதனைக் கொள்ளாது, தம் நெஞ்சை எழுமாறு அழைக்கிறார், உலகம் பெரிது, விரும்புவோரும் பலர் என அதனைத் தேற்றுகிறார் (புறம். 207). அதியமான் பரிசில் நீட்டித்தபோது ஔவையார் வாயில் காவலனை நோக்கிக் கூறுவதும் இக்கருத்தினதே. தொழில் வல்ல தச்சனின் மக்களுக்குக் காடு பயன்படுவதுபோலக் கலை வல்லார்க்கு எத்திசையிலும் உணவுண்டு என்கிறார் (புறம். 206). இவ்விருவரும் தம் தகுதியின் அளவுகோலை மறுத்தவரிடம் விட்டுவைக்கவில்லை.

இரண்டாம் விடை, அறிந்து தராத கொடையை மறுத்தல். அதியமான் தம்மைக் காணாமலே அனுப்பிய பொருளைப் பெருஞ்சித்திரனார் ஏற்கவில்லை. தாம் வாணிகப் பரிசிலர் அல்லர் என்றும், தகுதியின் அளவறிந்து தருவதாயின் தினையளவும் இனிது என்றும் கூறுகிறார் (புறம். 208). புலவர் வேண்டியது பொருளின் மிகுதியை அன்று, அறிந்தேற்பையே என்பது இதனால் தெளிவாகும். இவ்வகையில், ஆராயாது அளிக்கப்படும் பாராட்டும் ஆராயாது கூறப்படும் மறுப்பும் ஒரே குறையுடையன.

மூன்றாம் விடை, மறுத்தவரை அறத்தின்முன் நிறுத்துதல். இயல்வதைத் தருதலும் இயலாததை இல்லையென்றலும் ஆகிய இரண்டும் தக்கவர் செயலே என ஆவூர் மூலங்கிழார் நன்மாறனிடம் கூறுகிறார், இயலாததை இயலுமென்றும், உள்ளதை இல்லையென்றும் கூறுவதே இழுக்கு என்கிறார் (புறம். 196). எனவே, அவர் இடித்துரைப்பது மறுப்பை அன்று. மறுப்பில் கலந்த பொய்ம்மையையே. அவ்வாறு இடித்துரைத்தபின்னும் அரசனின் புதல்வர் நோயின்றி வாழ வேண்டும் என வாழ்த்தியே அவர் விடைபெறுகிறார்.

வடு ஆறுதல்

எல்லாப் புலவரும் இந்நிலையை ஒருபடித்தாக எய்தினர் எனக் கூறவியலாது. நெஞ்சைத் தேற்றிச் சென்ற பெருஞ்சித்திரனாரே குமணனிடம் யானை பெற்று மீண்டு, அதனை இளவெளிமானின் காவல் மரத்தில் கட்டுகிறார் (புறம். 162). இச்செயலில் புலமையின் பெருமிதம் உண்டு. ஆறாத வடுவும் உண்டு. பழம் இன்மையால் மரத்தினின்று மீளும் பறவைக்குத் தம்மை ஒப்பிட்டு, மூவன் நோயின்றி வாழ்க எனக் கூறிச் செல்லும் பெருந்தலைச் சாத்தனாரின் நிலை (புறம். 209) இதனின் வேறுபட்டது. பின்னவரின் வளர்ச்சிக்கு மறுத்தவர் காணும்படி வெல்ல வேண்டிய தேவையில்லை. வளர்ச்சி என்பது வெற்றியன்று, விடுதலை என்பதை இவ்விரு பாடல்களின் ஒப்பீடு உணர்த்துகிறது.

விடைகளின் எல்லை

இப்பாடல்களில் ஒரு வினா எழவில்லை. பாடலில் குறையிருக்கக் கூடுமோ என்று எப்புலவரும் தம்மையே கேட்டிலர். மறுப்பு முழுமையும் கொடுப்போரின் குறையாகவே கொள்ளப்படுகிறது. இம்மனநிலை ஒன்றே வழிகாட்டியாயின், குறை கூறுவோர் அனைவரையும் அறியாதவர் எனத் தள்ளிவிடும் செருக்கும் பிறக்கக்கூடும்.

இதனை நிறைவு செய்வன மரபின் பிற சான்றுகளாகும். தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசானுக்கு ஐயமற விளக்கப்பட்டதெனச் சிறப்புப்பாயிரம் கூறும். நூல் தகுதிபெறுவது வினாவுக்கு விடையளித்தபின்னரே என்பது இதன் உட்கிடை. இடித்துரைப்பார் இல்லாத அரசன் பகைவர் இன்றியும் கெடுவான் எனத் திருக்குறள் உரைக்கும் (குறள். 448). அரசனுக்குக் கூறிய இவ்வறம் புலவர்க்கும் ஆய்வாளர்க்கும் பொருந்தும்.

முடிவுரை

மறுப்பு அனைத்தும் பாடமன்று. மறுப்பு அனைத்தும் அநீதியுமன்று. ஒரு மறுப்பு படைப்பைப் பற்றிப் பேசுகிறதா, மறுப்பவரைப் பற்றிப் பேசுகிறதா எனப் பகுத்தறிதலே முதற்கடமை. முன்னதாயின் அதங்கோட்டாசானின் வினாவாகக் கருதி விடைதேடல் வேண்டும். பின்னதாயின் மூலங்கிழாரைப்போல உண்மையைக் கூறி, வாழ்த்தி நீங்கல் வேண்டும். ஆய்வேடும் கட்டுரையும் மதிப்பீட்டுக்கு உட்படும் இன்றைய கல்விச் சூழலில், மதிப்பிடப்படுவோர்க்கு இப்பகுப்பு உரனளிக்கும். மதிப்பிடுவோர்க்கோ, காணாது ஈதலும் காணாது மறுத்தலும் ஒன்றே என்னும் பெருஞ்சித்திரனாரின் வழிவந்த எச்சரிக்கையாக அமையும்.