வாயிலில் நிற்கும் உயிர்

உயிர்களிடத்து இரக்கம் வேண்டும் என்பதை மறுப்பார் நம்முள் ஒருவரும் இலர். ஒருவரும் மறாத இவ்வறம் நம் ஒழுக்கத்திற் காணப்படாதிருத்தற்குக் காரணம் யாது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

யாழ்ப்பாணத்திலே வைரவர் கோயில் இல்லாத ஊர் அரிது. சிவாலயங்களில் இராப்பூசை முடிந்தபின் திறப்பு வைரவர் திருமுன்னரே வைக்கப்படும். அப்பெருமானுக்கு வடைமாலை சாத்தி வழிபடுகின்றோம். அவருக்கு ஊர்தி நாய். மணிவாசகப் பெருமான் தம்மை நாயென்று பலகாற் சொல்லி இறைவன் கருணையை வியந்தார். அத்திருவாசகத்தைக் கண்ணீர் மல்க ஓதி வெளியே வரும் நாம், கோயில் வீதியிற் பசித்து நிற்கும் நாய்மீது கல்லெறிகின்றோம். நாம் நாயேம் என்று சொல்லியது மெய்யாயின் எறிந்த கல் பொய்; எறிந்த கல் மெய்யாயின் ஓதிய ஓத்துப் பொய்.

இதனினுங் கொடியது ஒன்று உண்டு. வீட்டிலே நாய் குட்டியீன்றால், கடுவனை வைத்துக்கொண்டு பெட்டைகளைக் கண் திறக்குமுன்னரே சாக்கிலிட்டுச் சந்தைப்புறத்திலும் மயானக்கரையிலும் கோயில் வீதியிலும் விட்டு வருவார் பலர். கொன்றோமல்லேம், விட்டோம் என்பது அவர் கூறும் அமைதி. பாலுண்ணுங் குட்டியைத் தாயினின்றும் பிரித்து வெயிலில் இடுதல், கொலையைக் காகத்தினிடமும் வாகனத்தினிடமும் ஒப்புவித்தலேயாம்.

1995ஆம் ஆண்டு ஐப்பசியிலே, வலிகாமத்து மக்கள் ஓரிரவில் வீடு துறந்து தென்மராட்சிக்கு நடந்தமை யாவரும் அறிந்தது. அன்றிரவு எம் வீட்டாரும் படலையைத் திறந்துவிட்டு, நாயின் சங்கிலியை அவிழ்த்து, பானையிற் கிடந்த சோற்றை முற்றத்திற் கொட்டிவிட்டுப் புறப்பட்டோம். அது ஒழுங்கை முடிவுவரை தொடர்ந்து வந்தது. பின்பு சனநெருக்கத்திலே காணப்பட்டிலது. 1996இல் மீண்டபோது சங்கிலி கிடந்தது; நாய் இல்லை. அன்று செய்தது இயலாமை. ஆயின் போரும் ஓட்டமும் இல்லாத இக்காலத்திலே, வெளிநாடு செல்வோரும் வீடு மாறுவோரும் வளர்த்த நாயைத் தெருவில் விட்டுச் செல்லுதற்கு யாது பெயர் இடுவோம்? கைவிடப்படுதலின் துன்பத்தை நேரே அறிந்த நாமே கைவிடுவோமாயின், பட்ட துன்பம் நமக்கு எதனையுங் கற்பித்திலது.

அற்றேல், ஓருயிர் படுந் துன்பம் அதன் பழவினைப் பயனன்றோ, அதனிடையிற் புகுதல் நமக்கு எற்றுக்கெனின், அவ்வாறன்று. வினைப்பயனை ஊட்டுவோன் இறைவன். அவ்வதிகாரம் நமக்குத் தரப்பட்டிலது. வினை என்று சொல்லிப் பிணியுற்ற மகவுக்கு மருந்து கொடாதிருப்பார் உளரோ? தம் மகவுக்கு ஒரு நியாயமும் பிறவுயிர்க்கு ஒரு நியாயமும் கூறுதல் சாத்திரமாகாது. சோம்பலுக்குச் சாத்திரப் பெயரிடுதலாம். அவ்வுயிர் நுகர்வது அதன் பிராரத்தமாயினும், அதனைக் கண்டு நாம் செய்வதும் செய்யாதொழிவதும் நமது ஆகாமியம்.

மனிதர் பசித்திருக்க நாய்க்கு அறம் எற்றுக்கென்பாரும் உளர். மனிதர்க்கும் உதவாது விலங்குக்கும் உதவாது இருப்பாரே இதனைப் பெரிதும் சொல்லக் கேட்கின்றோம். இயக்கச்சியிலே நாய்களுக்குச் சரணாலயம் அமைத்த சிவபூமி அறக்கட்டளையினரே, கோண்டாவிலிலே மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்குப் பாடசாலையும் நடாத்துகின்றனர். இரக்கம் ஊற்றுக்கிணறு போல்வது, இறைக்க ஊறும்.

இனி, நாய் கடிக்கும், விசர்நோய் பரப்பும் என்னும் அச்சம் இகழத்தக்கதன்று. அந்நோயின் குறி தோன்றியபின் பிழைத்தல் அரிதினும் அரிது. மனிதர்க்கு அது வருவது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நாயினாலேயே என்று உலக சுகாதார நிறுவனம் கூறும். 1893ஆம் ஆண்டின் சட்டம் கட்டாக்காலி நாய்களைக் கொல்லுதற்கு இடங்கொடுத்தது. கொல்லக் கொல்ல, வெறுமையான இடத்திற்கு வேறு நாய்கள் வந்தன, நோய் ஒழிந்திலது. ஓரிடத்து நாய்களில் நூற்றுக்கு 70 பங்கினுக்குத் தடுப்பூசி ஏற்றினால் நோய் பரவுதல் அறும் என்பது அறிஞர் கண்ட முடிபு. ஆகவே ஈண்டு இரக்கமும் மக்கள் நலமும் ஒருவழிப்படுகின்றன. கடியுண்டார், புண்ணைச் சவர்க்காரமும் ஓடுநீருங் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். பார்வை பார்ப்பித்துக் காலந்தாழ்த்தல் உயிர்க்கு இறுதி.

கருத்தடைச் சிகிச்சை இம்சையன்றோவெனின், நாய் சூல்கொள்வது ஏறக்குறைய 63 நாள். ஆண்டுக்கு இருமுறை ஈன்று, ஈன்றன பலவும் தெருவிற் சாவதையும், மருந்தினால் நோவு தெரியாது செய்யப்படும் ஒருநாட் சிகிச்சையையும் எடைபோட்டுப் பார்ப்பார்க்கு விடை விளங்கும்.

விலங்குகளைக் கொடுமைசெய்தலைத் தடுக்க 1907ஆம் ஆண்டிலே எழுந்த கட்டளைச் சட்டம் விதித்த குற்றப்பணத்தின் உச்சம் நூறு ரூபா. சட்டம் இவ்வளவினதாயின், ஊரின் மனச்சாட்சியே காவலாதல் வேண்டும்.

சரணாலயங்களுக்குப் பொருளும் அரிசியும் உடலுழைப்பும் உதவுதல் நற்செயல். ஆயின் ஒரு கையாற் கொடுத்து மறுகையாற் குட்டிகளைச் சாக்கிலிட்டு அவற்றின் வாயிலிற் போடுவோமாயின், எவ்வறநிலையமும் தாங்காது. ஆதலால் முதலறம் வீட்டிலேயே தொடங்குவதாகுக. வளர்க்கும் நாய்க்கு ஆண்டுதோறும் ஊசியும், காலத்திலே கருத்தடையும் செய்விக்க. கட்டில்லாத கிணற்றுக்குக் கட்டும், வேலிக்குப் படலையும் இடுக. சித்திரை தொடங்கி ஆவணி ஈறாகிய வறட்சியிலே, வாயிற்புறத்து நிழலில் ஒரு சட்டி நீர் வைக்க. கோயில் அறங்காவலர், அன்னதானத்தின்பின் எஞ்சிய சோற்றைக் குழியிற் கொட்டாது, வீதியின் ஒருபுறத்தே தூய்மையாக இடுவிக்க.

அறவோனாகிய தருமன் விண்ணுலகின் வாயிலிலே நின்று, தன்னைத் தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டு உட்புக மறுத்தான் என்று பாரதம் கூறும். அந்நாயினாற் பெறும் பயன் யாதென்று அவன் எண்ணினானல்லன். நம்பி வந்ததை விடுதல் தகாது என்றதொன்றே எண்ணினான். நம் வாயிலிலும் ஓருயிர் நின்று நம் முகத்தைப் பார்க்கின்றது. படலையைச் சாத்துமுன் ஒருமுறை திரும்பிப் பார்ப்போமாக.